ஊருக்குப் போகும் முன் கட்ட வேண்டிய மருந்துப் பை

பழைய வண்ணாரப்பேட்டையில் மெடிக்கல் கவுன்டரில் நிற்கிறவள் நான். ஆடி பிறந்தால் பெரியபாளையத்துக்கு வேன் பேசுகிறவர்கள் வருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள், கார்த்திகையில் மாலை போட்டவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "யக்கா, ஊருக்குப் போறோம், ஜுரம், வாந்தி, பேதி எல்லாத்துக்கும் மாத்திரை குடு." யார் யார் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் பை கட்ட முடியாது.

முதலில் தினமும் போடுகிற மாத்திரைகள். சுகர், பிரஷர், வீசிங் இருப்பவர்கள் போகிற நாளுக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்தே எடுங்கள். மருந்துச் சீட்டை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இன்சுலினை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது, உறைந்துபோனால் அதைப் போடக் கூடாது.

அடுத்து காய்ச்சலுக்கு பாராசிட்டமால். சளி மாத்திரை பலவற்றிலும் இதே பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறும். குழந்தைகள் சிரப்பில் இன்னும் கவனம் வேண்டும். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரிக்கும்போது ஒன்றைப் பாருங்கள். பல அட்டைகளில் காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையில் தங்கிவிட்டால் உங்கள் கையில் இருப்பது பேரும் தேதியும் இல்லாத நாலு மாத்திரை. அதனால் தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்போம், இதில் தயக்கமே வேண்டாம்.

வாந்தி பேதிக்கு ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதி டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் கொடுப்பது கெடுதல். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். பேதியை நிறுத்துகிற மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தால் பையைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

காயத்துக்குப் பெரிய செலவு இல்லை: காஸ் துணி, பேப்பர் பிளாஸ்திரி, பொவிடோன் அயோடின் ஆயின்மென்ட், ஒரு கிரேப் பேண்டேஜ், சின்னக் கத்தரிக்கோல், நாலு ஊக்கு. பஞ்சைப் புண்ணில் நேரடியாக வைக்காதீர்கள், நூல் ஒட்டிக்கொள்ளும். நடக்கிறவர்கள் கூடுதலாக இரண்டு ஜோடி காட்டன் சாக்ஸ் எடுக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் மேலே காஸ் வைத்து ஒட்டினால் போதும். சுகர் உள்ளவர்கள் ராத்திரி தங்கும் இடத்தில் பாதத்தைக் கட்டாயம் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மரத்துப்போன காலில் புண் வந்தாலும் தெரியாது.

பெரியபாளையத்தில் பொங்கல் வைக்கப் போகிறீர்களா? கை சுட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். அதனால் பையோடு ஒரு கேன் தண்ணீரும் கணக்கில் வையுங்கள். பைக்குள் குளியல் சோப்பு ஒன்றும் போட்டுவையுங்கள். நாய் கடித்தால் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம்.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எது எதற்கு என்று தமிழில் ஒரு சீட்டு எழுதி மூடிக்குள் ஒட்டுங்கள். கீழே 108 என்று பெரிதாக எழுதுங்கள். டப்பாவை வேன் கேரியரில் மூட்டையோடு கட்டிவிடாமல், தூங்காமல் வருகிற ஒருவர் மடியில் கொடுங்கள்.