எஸ்.எஸ். ஷாஃப்டுக்கு நைட்ரைடிங்: சூட்டில்தான் சூட்சுமம்

மதுரை கப்பலூர், கே.புதூர் பட்டறைகளிலிருந்து 304, 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஷாஃப்டை நைட்ரைடிங்குக்கு, அதாவது மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்க, வெளியே அனுப்பும்போது சலானில் வெறுமனே ‘நைட்ரைடிங்’ என்று எழுதாதீர்கள். சாதா அலாய் ஸ்டீலோடு சேர்த்து 520 டிகிரியில் போட்டுவிடுவார்கள். கடினம் வரும், ஆனால் நைட்ரஜன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். துருவைத் தடுப்பதே அந்தக் குரோமியம்தான். அப்புறம் உப்புத் தண்ணீர் போர்வெல்லில் இறக்கினால் துருப்பிடிக்கத்தான் செய்யும்.

இப்படி எழுதுங்கள்: பிளாஸ்மா நைட்ரைடிங், 400–430 டிகிரி செல்சியஸ், 15–20 மணி நேரம், நைட்ரஜன் 25%, ஹைட்ரஜன் 75%. பிளாஸ்மா என்பது வெற்றிடக் கலத்தில் மின்சாரத்தால் அயனியாக்கிய வாயு.

கிரைண்டிங்கை முன்பே முடித்துவிடுங்கள். நைட்ரஜன் ஏறிய படலம் 10–20 மைக்ரான்தான்; பிறகு கல்லில் பிடித்தால் காசும் சேர்ந்து போகும். அசிட்டோனில் கழுவியபின் வெறுங்கையால் தொடக் கூடாது. துளைக்குள் எண்ணெய் தங்கினால் வெற்றிடத்தில் ஆவியாகி ஆர்க் (மின்பொறி) அடிக்கும். சிறு துளைகளை இரும்பு பிளக்கால் அடையுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்மா உள்ளே குவிந்து அந்த இடம் மட்டும் சூடேறும்.

நைட்ரஜன் விடுமுன் ஆர்கான்–ஹைட்ரஜன் வாயுவின் அயனிகளால் அடித்து ஆக்சைடு படலத்தை நீக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

ராக்வெல் கடினச் சோதனை இதற்கு உதவாது, முனை படலத்தைத் துளைத்துவிடும். 50 கிராம் சுமையில் விக்கர்ஸ் கடினம் பாருங்கள்: 200 சொச்சம் இருந்தது 1000-ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஷாஃப்டோடு கூடவே போட்ட அதே ராடின் துண்டை வெட்டி, பாலிஷ் செய்து, 10 கிராம் காப்பர் சல்பேட், ஹைட்ரோகுளோரிக் அமிலம், தண்ணீர் தலா 50 மில்லி கலவையில் சில நொடி தோய்த்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். படலம் வெள்ளையாக நின்றால் சரி. கறுத்திருந்தால் சூடு மீறியிருக்கிறது, அந்த லாட்டை வாங்காதீர்கள்.