செமந்தான் ஆற்று நீச்சல் செராத்திங் அலைக்குப் போதாது

மலேசியாவில், பகாங் மாநிலத்து மெந்தகாப்பில் நின்றால் எந்தப் பக்கமும் கடல் இல்லை. சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் பால் மரம், ஊரை ஒட்டி செமந்தான் ஆறு. கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் ஏறி, குவாந்தானைத் தாண்டி, செராத்திங் கடற்கரைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் அலைச்சறுக்கு, அதாவது பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் விளையாட்டு, கற்கக் கிளம்பும் நம் ஊர்க்காரர்களின் தவறுகளில் பாதி இந்தத் தூரத்தால் வருகிறது என்பது என் எண்ணம். பெட்ரோல் போட்டாயிற்று, லீவு எடுத்தாயிற்று, இறங்காமல் எப்படித் திரும்புவது? இந்த அவசரத்தோடு கடலுக்குள் போகவே கூடாது.

முதலில் பருவம். தென்சீனக் கடலில் நமக்கு அலை கிடைப்பது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை. பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடி ஜூன் மாதத்தில் போய், குளம் மாதிரிக் கிடக்கும் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, டிசம்பரில் மழை கொட்டும்போது, பலத்த காற்று, கொந்தளிப்பு என்று வானிலை ஆய்வுத் துறை எச்சரித்த பிறகும் போகிறவர்கள் உண்டு. புதியவர்கள் பருவத்தின் கடைசிப் பகுதிக்குக் காத்திருப்பது நல்லது. எப்போது போனாலும் முதல் நாள் மாலையே எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நீச்சல். தோட்டத்தில் வளர்ந்த எங்களில் பலர் நீந்தக் கற்றது ஆற்றில்தான். அதனால் கடலிலும் சமாளிக்கலாம் என்று நானும் நம்பினேன். ஆறு ஒரே பக்கம் இழுக்கும். கடல் அப்படி இல்லை. கரையில் நின்று பார்த்தால், வெள்ளையாக உடையும் அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். பயந்தவர்கள் நேராக அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. என் முதல் வகுப்பில் நான் இறங்கியதும் அங்கேதான். கரையைப் பார்த்துக் கையடித்தேன், அடித்தேன், கரை தள்ளிக்கொண்டே போனது. அந்த இழுப்பை எதிர்த்து யாராலும் நெடுநேரம் நீந்த முடியாது. பலகையை விடாமல் அதன்மேல் படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். முடியவில்லை என்றால் பலகையைப் பிடித்து மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தது, என்னை வந்து இழுத்த இன்னொரு அலைச்சறுக்குக்காரர். காசு வாங்கிய பயிற்றுநர் அப்போது வேறொருவருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பில் அன்று எட்டுப் பேர்.

ஆகவே பயிற்றுநரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அலையில் அருமையாகச் சறுக்குகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வராது. இன்ஸ்டாகிராம் படங்களைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் இன்று அதிகம் நடக்கும் தவறு. போன் போட்டுப் பேசுங்கள். நல்லவராக இருந்தால் நீங்கள் கேட்கும் முன்பே அவர் கேட்பார்: நீச்சல் தெரியுமா, முட்டி வலி உண்டா, தோள் எப்படி, இரத்த அழுத்தம் உண்டா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று நீங்கள் கேளுங்கள். நான்குக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் 1964 முதல் இருக்கிறது. அதன் பயிற்றுநர் சான்றிதழ் வாங்க நீரில் ஆளை மீட்கும் பயிற்சியும் வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாத நல்ல ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் மீட்புப் பயிற்சியும் முதலுதவியும் தெரியாதவரிடம் போகாதீர்கள். 'முதல் மணி நேரத்திலேயே நிற்க வைக்கிறேன்' என்கிறவரிடமும் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட்டால் யாரும் இரண்டு விநாடி நிற்கலாம். எந்த அலையை எடுப்பது, எதை விடுவது என்பது அதில் வராது.

இப்போது எனக்குச் சொல்லித்தரும் மலாய்க்காரத் தம்பி, முதல் இருபது நிமிடம் மணலில் உட்கார வைத்துக் கடலைப் பார்க்கச் சொன்னார். அதற்கப்புறம் கற்றுத்தந்தது விழுவதை: தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழு, மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடு, உனக்கும் அலைக்கும் நடுவே பலகையை வைக்காதே, பலகையைக் காலோடு கட்டும் கயிற்றைக் கையில் சுற்றாதே. இரண்டாவது முறை போனபோது காற்று மாறியிருந்தது. "அண்ணே, இன்னைக்கு வேண்டாம், பணம் அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்" என்றார். இவ்வளவு தூரம் வந்தேனே என்று கோபம்தான் வந்தது. சாலையோரக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு அந்தக் கடலைப் பார்த்த பிறகுதான் இவரை விடக்கூடாது என்று தோன்றியது.

பலகை விஷயம் சுலபம். சின்னப் பலகை பார்க்க அழகாக இருக்கும், வாங்காதீர்கள். பெரியவர்களுக்கு எட்டு, ஒன்பது அடி நீளத்தில், மேல்பக்கம் மெத்தென்று இருக்கும் பலகைதான் முதல் பருவம் முழுக்க. வாடகைக்கே கிடைக்கும்.

உடம்பைத் தயார் செய்யாமல் போவதும் தவறு. எங்களோடு வந்த, தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணனுக்குக் கை இரும்பு மாதிரி. அவரே பத்து நிமிடத்தில் களைத்துப்போனார். நெஞ்சைத் தூக்கி, முதுகும் சேர்ந்து உழைத்தால்தான் பலகை நகரும். கையை மட்டும் வீசினால் தோள்தான் போகும். வீட்டு வாசல் சிமெண்டில் சுண்ணாம்புக் கட்டியால் பலகை அளவுக்கு ஒரு கோடு போடுங்கள். அதில் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து, முட்டியை மடக்கி, பார்வையை நேராக வைத்து நில்லுங்கள். காலைப் பார்த்தால் கால் போகும் இடத்துக்கே நீங்களும் விழுவீர்கள். தினமும் பத்து முறை போதும். எந்தக் கால் பின்னால் நிற்க விரும்புகிறது என்று வாசலிலேயே தெரிந்துவிடும். கயிறு கட்ட வேண்டியது அந்தக் காலில்தான்.

கடைசியாக, வீடு திரும்புவது. இரண்டு மணி நேரம் அலையில் இருந்தவனுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் கண் சொருகும், நெடுஞ்சாலையில் மழையும் பிடிக்கும். இரவு அங்கேயே கம்பத்தில் (கிராமத்தில்) ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். அந்த வாடகையையும் சேர்த்தே செலவுக் கணக்குப் போடுங்கள்.