கோழித் தூக்கம் போடும் பிராசசர்: சும்மா இருக்கும்போதும் பேட்டரி தீரக் காரணமான தவறுகள்

மடிக்கணினியைத் திறந்தபடியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம். திரும்பி வந்து தொட்டால் அடிப்பக்கம் சுடுகிறது, பேட்டரியும் இறங்கியிருக்கிறது. சிஸ்டம் மானிட்டரைத் திறந்தால் பிராசசர் பயன்பாடு 2 சதவீதம்தான். "பேட்டரி பழசாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த 2 சதவீதத்தை நம்புவதுதான் முதல் தவறு. பிராசசர் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதை மட்டுமே அது சொல்லும். மிச்ச 98 சதவீத நேரம் எப்படித் தூங்கியது என்று சொல்லாது. இரவெல்லாம் படுக்கையில் இருந்தும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது எழுப்பினால் காலையில் உடம்பு எப்படி இருக்கும்? மின்செலவும் அப்படித்தான்.

பிராசசரின் தூக்கத்தில் படிகள் உண்டு. சி0 என்றால் விழிப்பு. சி1-இல் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். சி6-இல் கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) தன் நிலையைத் தனி நினைவகத்தில் பத்திரப்படுத்திவிட்டு மின்னழுத்தத்தையே விட்டுவிடும். மடிக்கணினிச் சிப்களில் சி10 வரை போகும். ஆழமாகத் தூங்கினால் எழுந்திரிக்கவும் நேரம் பிடிக்கும். இன்டெல் ஸ்கைலேக் சிப்களுக்கு லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) எழுதியிருக்கும் கணக்கைப் பாருங்கள். சி1-இலிருந்து எழ 2 மைக்ரோ செகண்ட், சி10-இலிருந்து எழ 890 மைக்ரோ செகண்ட். சி10-க்குப் போவது கட்டுப்படியாக வேண்டுமானால் குறைந்தது 5 மில்லி செகண்டாவது தொடர்ந்து தூங்க வேண்டும். அதற்குள் ஏதோ ஒரு டைமர் எழுப்பிவிடும் என்று தெரிந்தால், கெர்னல் அந்த ஆழத்துக்கு அனுப்பவே அனுப்பாது. மேலோட்டமான கோழித் தூக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

இந்த 5 மில்லி செகண்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற தவறுகள் தாமாகவே புரியும்.

நான் செய்த ஒன்றையே சொல்கிறேன். ஒரு ஃபோல்டரில் புதுப் படம் வந்தால் அதைச் சிறிதாக்கிச் சேமிக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். வைல் லூப்புக்குள் "ஃபைல் வந்ததா?" என்று பார்க்கும், 5 மில்லி செகண்ட் தூங்கும், மறுபடி பார்க்கும். பிராசசர் பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் அது 1 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. மாதக்கணக்கில் அதைச் சந்தேகிக்கவே இல்லை. எந்த நிரல் எத்தனை முறை பிராசசரை எழுப்புகிறது என்று காட்டும் பவர்டாப்பை ஒருநாள் ஓட்டிப் பார்த்தால், பட்டியலின் தலைமாட்டில் என் ஸ்கிரிப்ட், செகண்டுக்கு 200 முறை எழுப்பிக்கொண்டு. வேலை என்று அது செய்தது ஒன்றுமே இல்லை. வெறும் கேள்வி மட்டும். கெர்னலில் 2005 முதலே இருக்கும் ஐநோட்டிஃபை வசதிக்கு அதை மாற்றினேன். இப்போது ஃபைல் வந்தால் கெர்னல் ஸ்கிரிப்டை எழுப்புகிறது. வராத வரைக்கும் இரண்டுமே தூங்குகின்றன.

ஒரே ஒரு கோரைத்தானே எழுப்புகிறது, மற்றவை தூங்கட்டுமே என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். கோர்கள் போக, சிப் முழுவதற்கும் பேக்கேஜ் நிலை என்று ஒன்று உண்டு. பெரிய மிச்சம் அதில்தான் இருக்கிறது. எல்லாக் கோர்களும், கூடவே கிராபிக்ஸும் ஓய்ந்தால்தான் பேக்கேஜ் ஆழத்துக்கு இறங்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் விழித்திருந்தால் கூடத்து விளக்கை அணைக்க முடியாதே, அதுபோல. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி இணைந்த நெட்வொர்க் கார்டோ, சாட்டா டிஸ்க்கோ தன் இணைப்பை ஓய்வுநிலைக்கு விடாவிட்டாலும் இதே கதிதான். வீட்டில் சின்ன சர்வர் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

டைமர் விஷயத்தில் லினக்ஸ் கெர்னல் தன் பங்கைச் செய்துவிட்டது. முன்பெல்லாம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செகண்டுக்கு 100, 250 அல்லது 1000 முறை கெர்னலே துடித்துக்கொண்டிருக்கும். 2007-இல் 2.6.21 பதிப்பு சும்மா இருக்கும் நேரத்துத் துடிப்பை நிறுத்தியது. அதே ஆண்டில் இன்டெல் பவர்டாப்பை வெளியிட்டது. கெர்னல் அமைதியான பிறகுதான் நிரல்கள் போடும் சத்தம் வெளியே கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் ஓயவில்லை. விண்டோஸ் 11-இல் கடிகாரத்தில் செகண்டையும் காட்டும்படி அமைக்கப் போனால், கூடுதல் மின்சாரம் செலவாகும் என்று அங்கேயே எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பல வேலைகளைச் சேர்த்து ஒரே விழிப்பில் முடிக்க வசதிகள் இருக்கின்றன, அவற்றைக் கெடுக்காதீர்கள். லினக்ஸில் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியின் டைமர்கள் இயல்பாகவே ஒரு நிமிஷம் வரை தள்ளிப்போக இடம் கொடுக்கின்றன. அது துல்லியக் குறைவு என்று நினைத்து எல்லா டைமரையும் மைக்ரோ செகண்டுக்கு இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நள்ளிரவு பேக்கப் 40 செகண்ட் தள்ளி ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்தது, வேகத்தைக் கட்டிப்போடுவது. பிராசசரைக் குறைந்த மெகாஹெர்ட்ஸில் பூட்டினால் மின்சாரம் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். சி6-இல் கிடக்கும் கோருக்கு மெகாஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே இல்லை. சின்ன வேலை வரும்போது அதை இழுத்து இழுத்துச் செய்தால் மொத்தப் பேக்கேஜும் அவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும். சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போவது பெரும்பாலும் லாபம். மணிக்கணக்கில் ஓடும் கனமான வேலைக்குக் கணக்கு வேறு. அதற்கு வேகத்தைக் குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எங்கிருந்தோ நகலெடுத்த பூட் அமைப்புகள், அதாவது கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளைகள். இன்டெலின் பே டிரெயில் வகை ஆட்டம் (Atom), செலரான் சிப்களில் லினக்ஸ் திடீர் திடீரென்று உறைந்த காலத்தில், அதிகபட்ச சி ஸ்டேட்டை 1 என்று பூட்டுவது உண்மையிலேயே பலரைக் காப்பாற்றியது. அந்த ஒரு வரி இன்றைக்கும் புதுக் கணினிகளுக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அது இருக்கும் வரை மற்ற எந்த மாற்றமும் பலிக்காது. ஐடில் போல் என்ற அமைப்பு இன்னும் மோசம். தூங்கவே விடாமல் பிராசசரை வெறும் லூப்பில் சுற்றவிடும். உங்கள் பூட் வரியை ஒருமுறை திறந்து படியுங்கள். ஏன் போட்டோம் என்று தெரியாத அமைப்பு எது இருந்தாலும் எடுத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

மின்சேமிப்பு அமைப்புகளை மொத்தமாக இயக்கும் பவர்டாப்பின் ஆட்டோ டியூனை ஒரே தட்டில் போட்டுவிட்டு மௌஸ் தூங்கிவிடுகிறது, ஸ்பீக்கரில் "டப்" சத்தம் வருகிறது என்று எல்லாவற்றையும் கைவிடுவதும் தவறுதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது ஒத்துவரவில்லை என்று தெரியும். மின்சேமிப்பு நிரல்களான டிஎல்பியையும் பவர் புரொஃபைல்ஸ் டீமனையும் சேர்த்து ஓட்டாதீர்கள், ஒன்று போட்டதை மற்றொன்று மாற்றும்.

ஆழ்ந்த தூக்கம் ஆகாத வேலைகளும் உண்டு. நேரலையில் ஒலிப்பதிவு செய்யும்போது 890 மைக்ரோ செகண்ட் தாமதம்கூட இடைஞ்சலாகலாம். அதற்காகப் பூட் வரியில் நிரந்தரமாகப் பூட்ட வேண்டாம். சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற சாதனக் கோப்பைத் திறந்து, எத்தனை மைக்ரோ செகண்ட் வரை பொறுப்பேன் என்று நிரலே எழுதி வைக்கலாம். கோப்பு திறந்திருக்கும் வரை கெர்னல் ஆழமான படிகளைத் தவிர்க்கும். பதிவு முடிந்து நிரல் அதை மூடியதும் பிராசசர் பழையபடி தூங்கப் போகும்.