ஆஸ்திரேலியக் காட்டுத்தீ: உயிரையும் காட்டையும் பறிக்கும் தவறான கணிப்புகள்

தழல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு புறப்பட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பதே, ஆஸ்திரேலியாவில் காட்டையொட்டி வாழ்வோர் செய்யும் தவறுகளில் மிகக் கொடியது. எரியும் தைலமரங்களின் பட்டை கங்குகளாகப் பிய்ந்து காற்றிலேறி, தீமுகத்துக்கு (முன்னேறும் தீயின் முன்விளிம்புக்கு) பல கிலோமீட்டர் முன்னால் விழுந்து புதிய தீயை மூட்டிவிடும். தழல் தொலைவில் இருக்கும்போதே, தப்பிச் செல்ல வேண்டிய சாலை எரிந்துகொண்டிருக்கலாம். வீடுகள் பலவும் பற்றிக்கொள்வது, கூரையோர மழைநீர் வடிகாலில் சேர்ந்த சருகின் மீது விழும் இக்கங்குகளால்தான். கோடைக்கு முன்பே அந்தச் சருகை அள்ளிவிட வேண்டும்.

தீ நம் ஊரை விட்டு விலகிச் செல்கிறது என்று நிம்மதியடைவது அடுத்த தவறு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மோசமான தீநாட்களில், உள்நாட்டு வெப்பத்தைச் சுமந்து வரும் வடமேற்குக் காற்று தீயை நீண்ட நாக்குபோல் இழுத்துச் செல்லும். பிறகு குளிர்ந்த தென்மேற்குக் காற்று புகுந்ததும், அந்த நாக்கின் நெடிய பக்கவாட்டு ஓரம் முழுவதுமே தீமுகமாக மாறிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று, மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியஸைத் தொட்ட அந்தச் சனிக்கிழமையில், மேரிஸ்வில் என்னும் சிற்றூர் காற்று இப்படித் திரும்பிய பிறகே தீயில் சிக்கி ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அந்நாளின் தீக்களில் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் உயிரிழந்தனர்.

குன்றின் மேல் இருப்பது பாதுகாப்பு என்பதும் பிழை. மேல்நோக்கிய சரிவு 10 டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் சுமார் இரு மடங்காகும்.

பெருந்தீ எல்லாம் விஷமிகள் வைத்தது என்று 2019–20 கோடையில் பரவிய பேச்சையும் நம்பிவிடக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்த காஸ்பர்ஸ் மவுண்டன் தீ, மின்னலில் தொடங்கியது.

தைலமரக் காடு எரிந்தாலும் தானே துளிர்த்துவிடும் என்று அலட்சியமாக இருப்பதும் அதே அளவு ஆபத்தானது. பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து துளிர்க்கும் இனங்கள் பல உண்டு என்பது உண்மையே. ஆனால் 'மவுண்டன் ஆஷ்', 'ஆல்பைன் ஆஷ்' போன்ற மலைக்காட்டுத் தைலமரங்கள் கடுந்தீயில் மடிந்து, சாம்பலில் உதிரும் விதையால் மட்டுமே மீள்கின்றன. அந்தக் கன்றுகள் போதிய விதை தாங்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் மறுபடி எரிந்த இடங்களில் விதையே மிஞ்சாததால், 2020இல் விக்டோரியாவின் மலைச்சரிவுகளில் ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவ வேண்டியிருந்தது.