கஞ்சித் துணியில் ஒரு சொட்டு அயோடின்

உயிரி மூலக்கூறுகள் பாடம் எடுக்கும்போதெல்லாம் டியூஷனில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஏனுங்க மிஸ், ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலி, செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலி. அப்புறம் எதுக்குங்க ரெண்டு பேரு?" எங்கள் ஊர் சென்னிமலை. இதற்குப் பதில் இங்கே தறியிலேயே இருக்கிறது. பருத்தி நூல் செல்லுலோஸ். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்துபோகாமல் இருக்க அதற்குப் போடும் கஞ்சி ஸ்டார்ச்.

மருந்துக்கடையில் போவிடோன் அயோடின் கரைசல் வாங்குங்கள், களிம்பு வேண்டாம். தண்ணீர் கலந்து கட்டங்காப்பி அளவு கறுப்பில்லாமல் வரட்டீ நிறத்துக்குக் கொண்டுவந்தால் போதும். எதையும் வாயில் வைக்கக் கூடாது.

சோற்றுக் கஞ்சியை நன்றாக ஆறவைத்து ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாகும். ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும், சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்கார்ந்தால்தான் இந்த நிறம். கஞ்சி சூடாக இருந்தால் சுருள் தளர்ந்து நிறம் பிடிக்காது. ஆறவைக்கச் சொன்னது அதனால்தான்.

மருந்துக்கடைப் பஞ்சில் விட்டால் பழுப்பாகவே நிற்கும். குளுக்கோஸ்களைக் கோக்கும் பிணைப்பு ஸ்டார்ச்சில் ஆல்ஃபா வகை, செல்லுலோஸில் பீட்டா வகை. ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸ் திரும்பி நிற்பதால் சங்கிலி சுருளாமல் நீண்டு கிடக்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக்கொள்கிறது. நூலுக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது. வெளுத்த பழைய பருத்தித் துணியில் பாதியைக் கஞ்சியில் நனைத்து உலர்த்திச் சொட்டு விட்டால், அந்தப் பாதி மட்டும் கருக்கும்.

அடுத்தது எச்சில். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள். பாடத்தின் சாரமே இதில்தான். நீர்த்த கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் எச்சிலை அப்படியே, இன்னொன்றில் கொதிக்கவைத்து ஆறிய எச்சிலைச் சேருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தி, ஆறியதும் அயோடின் விடுங்கள். கொதித்த எச்சில் சேர்ந்தது கருக்கும். மற்றதில் நீலம் மங்கும், அல்லது வரவே வராது. வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள். எச்சிலில் உள்ள, ஸ்டார்ச்சை வெட்டும் அமைலேஸ் ஒரு புரதம். மடிந்திருக்கும் வடிவம்தான் அதன் வேலைத்திறன். கொதிக்கவைத்தால் மடிப்பு குலைந்துவிடும், வேலையும் போச்சு.

அமைலேஸ் வெட்டுவது ஆல்ஃபா பிணைப்பை மட்டும். பஞ்சை என்ன மென்றாலும் நமக்குச் செரிக்காது. சோளத்தட்டு தின்னும் காங்கேயம் மாட்டுக்கும் செல்லுலோஸை வெட்டும் வயிற்று நுண்ணுயிர்களின் செல்லுலேஸ்தான் துணை. நெய்த துணிக்குச் சாயம் ஏற்றும் முன் ஆலைகளில் கஞ்சி எடுக்க அமைலேஸ் சேர்ப்பதும் இதை நம்பித்தான்: கஞ்சி கரையும், நூலுக்குச் சேதமில்லை.

சட்டையில் அயோடின் பட்டுவிட்டால் வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தேயுங்கள், கறை வெளுத்துவிடும்.