ஸ்பின்னுக்காக வெட்ஜ் வாங்குபவர்கள் பணத்தை விடும் இடங்கள்

டிவியில் கோல்ஃப் பார்க்கும்போது வரும் அந்த ஒரு ஷாட்தான் ஆசையைக் கிளப்பிவிடுகிறது. பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், விழுகிறது, ஒருமுறை துள்ளுகிறது, அடுத்த துள்ளலில் அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்பின், அதாவது பந்தின் பின்சுழற்சி, செய்யும் வேலை அது. பார்த்தவர் மறுவாரம் கடைக்குப் போய் அதே வீரர் பையில் இருக்கும் அதே வெட்ஜை, அதாவது முகம் நன்றாகச் சாய்ந்த குறுந்தூரக் கிளப்பை, அதே 60 டிகிரிச் சாய்வில் வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து அடித்தால் பந்து கிரீனின் நடுவில் விழுந்து, பின்னால் இருக்கும் புல் வரைக்கும் உருண்டு போகிறது. அவர் கை சரியில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கையில் கொஞ்சம் குறை இருக்கலாம். ஆனால் வாங்கும் இடத்திலேயே நடந்துவிட்ட தவறுகளும் உண்டு, அவற்றில் பெரிய தவறு வெட்ஜ் சம்பந்தப்பட்டதே அல்ல.

அது பந்து. கோல்ஃப் பந்தின் மேலுறை பெரும்பாலும் இரண்டு வகை. விலை குறைந்த பந்துகளில் ஐயனோமர் உறை. சர்லின் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இந்த வகையைத்தான். அது கெட்டியானது, சீக்கிரம் கீறாது. டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1, டெய்லர்மேட் டிபி5, ஸ்ரிக்ஸான் இஸட்-ஸ்டார் மாதிரிப் பந்துகளில் யூரித்தேன் உறை. வெட்ஜின் முகம் மோதும்போது யூரித்தேன் அமுங்கி அதைப் பற்றிக்கொள்கிறது, ஐயனோமர் வழுக்குகிறது. நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரியவே தெரியாது. கிரீனை நோக்கித் தூக்கி அடிக்கும் 40 யார்டு பிட்ச் ஷாட்டில் கண்ணுக்கே தெரியும். 189 டாலர் கொடுத்து ஒரு வெட்ஜை வாங்கி, குளத்தில் விழுந்தால் போகட்டும் என்று மலிவான இரண்டடுக்குப் பந்தை அடிப்பவருக்கு அந்த வெட்ஜால் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைக்காது.

டப்பாவில் 'சாஃப்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. அந்தச் சொல் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கருவின் இறுக்கத்தைப் பற்றியது. உறையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கையில் மெத்தென்று உணரப்படும் ஐயனோமர் பந்தைவிட, சற்றுக் கெட்டியாக உணரப்படும் யூரித்தேன் பந்து கிரீனருகே அதிகம் சுழலும். உறை எது என்று டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். யூரித்தேன் என்றால் பெரிய விலைதான் என்றும் இல்லை. அமெரிக்கக் கடைத்தொடரான காஸ்ட்கோ தன் கிர்க்லாண்ட் பெயரில் விற்கும் பந்தும் யூரித்தேன் உறைதான்.

சரி, இப்போது வெட்ஜுக்கு வருவோம்.

முகத்தில் இருக்கும் பள்ளக்கோடுகள், அதாவது கிரூவ்கள், பந்தைக் கடித்துச் சுழற்றுகின்றன என்பது பரவலான நம்பிக்கை. காய்ந்த ஃபேர்வேயில், அதாவது குட்டையாக வெட்டிய புல் பாதையில், சுத்தமான பந்தை, சுத்தமான முகத்தால் அடிக்கும்போது கிரூவ்களுக்கு அவ்வளவு வேலை இல்லை. பந்துக்கும் முகத்துக்கும் இடையிலான உராய்வே போதும். பந்துக்கும் முகத்துக்கும் நடுவே புல்லும் ஈரமும் வரும்போதுதான் கிரூவ்களின் வேலை ஆரம்பிக்கிறது. மழைச் சாலையில் லாரி டயரின் வெட்டுகள் தண்ணீரை ஒதுக்கிவிடுகிற மாதிரி, இவை ஈரத்தையும் நசுங்கிய புல்லையும் வாங்கிக்கொண்டு பந்து முகத்தைத் தொட இடம் கொடுக்கின்றன. கிரூவ் தேய்ந்திருந்தால் பந்து முகத்தின் மேல் வழுக்கி ஏறும். உயரமாகக் கிளம்பும், அழகாகத்தான் தெரியும், ஆனால் சுழற்சி இருக்காது. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது: நல்ல ஸ்பின்னோடு போகும் பிட்ச் ஷாட் தாழ்வாகவே கிளம்பும். உங்கள் பந்து நேரே மேலே எழும்பிப் போய் விழுந்து உருண்டால், முகத்தில் ஏதோ வழுக்குகிறது என்று அர்த்தம்.

கிரூவ்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2010-இல் நடந்த ரகளையே சாட்சி. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் ஆர்&ஏ அமைப்பும் விதியை மாற்றின. அதுவரை சதுர வடிவ கிரூவ்களை வைத்து, ரஃப் எனும் உயரமான முரட்டுப் புல்லிலிருந்துகூட ஃபேர்வேயில் அடிப்பதுபோல வீரர்கள் பந்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஃபேர்வேயில் அடிப்பதற்கு மதிப்பே இல்லாமல் போகிறது என்று, லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 25 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள கிளப்புகளில் கிரூவின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் வரம்பு வைத்தார்கள். விளிம்பு வளைவின் ஆரம் 0.010 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் பிங் நிறுவனம் 1990-இல் ஒரு வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டபோது, அந்த ஆண்டு ஏப்ரலுக்கு முன் செய்த பிங் ஐ2 கிளப்புகளுக்கு விலக்கு கிடைத்திருந்தது. ஃபில் மிக்கெல்சன் 2010 ஜனவரியில் டோரி பைன்ஸ் மைதானத்தில் அந்தப் பழைய வெட்ஜோடு வந்து நின்றார். சக வீரர் ஸ்காட் மெக்காரன் இதை ஏமாற்று வேலை என்றே சொன்னார். பிங் தானாக அந்த உரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் விஷயம் அடங்கியது. இருபது வருடப் பழைய இரும்பை உலகின் முன்னணி வீரர் தேடி எடுத்தார் என்றால் காரணம் ரஃபில் அந்தக் கிரூவ் செய்த வேலைதான்.

வாங்குபவருக்கு இந்தக் கதையில் ஒரு லாபம் இருக்கிறது. விதிக்கு உட்பட்ட எந்தப் புது வெட்ஜும் அதே வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். முகத்தின் சொரசொரப்புக்கும் வரம்பு உண்டு. பெரிய நிறுவனங்கள் எல்லாமே அந்த வரம்பின் ஓரத்தைத் தொட்டுத்தான் செய்கின்றன. அதனால் இந்த ஆண்டு மாடல் போன மாடலைவிட ஏகப்பட்ட ஸ்பின் தரும் என்று விளம்பரம் சொன்னால், கொஞ்சம் சிரித்துவிட்டு விலைச் சீட்டைப் பாருங்கள். டைட்டிலிஸ்டின் வோக்கி வெட்ஜ்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன: 2020-இல் எஸ்எம்8, 2022-இல் எஸ்எம்9, 2024-இல் எஸ்எம்10. புதியது வந்ததும் கடையில் பிரிக்காமல் இருக்கும் பழையதின் விலை இறங்கும். கிளீவ்லாண்ட், காலவே, டெய்லர்மேட் எல்லாவற்றிலும் இதே கதைதான். என்னைக் கேட்டால், காசுக்கு ஏற்ற பொருள் என்று சொல்லத் தகுந்தது இதுதான்: முந்தைய மாடல், ஆனால் ஒரு பந்துகூட அடிக்காதது.

செகண்ட் ஹேண்ட் வெட்ஜில் ஏன் கவனம் வேண்டும் என்றால், ஒரு செட்டில் முதலில் தேய்வது அதுதான். மணல் ஒரு பக்கம் அரைக்கிறது, பயிற்சி மைதானத்தின் கெட்டிப் பந்துகள் இன்னொரு பக்கம். டிரைவரையும், கிரீனில் பந்தை உருட்டும் பட்டரையும் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனம். வெட்ஜில் அதே கணக்கு செல்லாது. படத்தில் பளபளப்பாகத் தெரியும், கையில் வாங்கினால்தான் உண்மை தெரியும். முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலிருந்து சற்றுக் கீழே, தண்டு சேரும் குதிகால் பக்கமாக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் மற்ற இடத்தைவிட மழுங்கி மினுங்கும். அந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். அப்புறம் யாரும் அடிக்காத முனைப் பக்கத்தில் அதே நகத்தை இழுங்கள். அங்கே நகம் ஒவ்வொரு கோட்டிலும் தட்டுப்பட்டு, இங்கே வழுக்கிக்கொண்டு போனால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வரலாம். கூடவே போலிகளின் தொல்லையும் இருக்கிறது. அடியில் சீரியல் எண் பொறித்திருப்பது அசல் என்பதற்குச் சாட்சி ஆகாது, அதையும் சேர்த்தே நகல் எடுக்கிறார்கள்.

அடுத்தது பவுன்ஸ். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள் என்பது என் கணிப்பு, ஏனென்றால் கடையில் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

வெட்ஜை நேராக நிறுத்திப் பாருங்கள். அடிப்பாகத்தின் முன் விளிம்பு தரையைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி இருக்கும், பின்பகுதி தாழ்ந்திருக்கும். அந்தச் சரிவின் கோணம்தான் பவுன்ஸ். அமெரிக்க வீரர் ஜீன் சாரசன் 1930-களின் தொடக்கத்தில் நிப்ளிக் என்ற தன் பழைய காலக் கிளப்பின் அடியில் ஈயத்தைச் சேர்த்து இப்படி ஒன்றைச் செய்தார், 1932-இல் பிரின்ஸஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். மணலில் கத்திபோல் இறங்காமல், கிளப் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வருவதற்கான ஏற்பாடு அது. 4 முதல் 6 டிகிரி குறைவு, 7 முதல் 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வோக்கியில் 56.14எஃப் என்று பொறித்திருந்தால் லாஃப்ட் 56, பவுன்ஸ் 14, எஃப் என்பது அடிப்பாகத்தைச் செதுக்கிய விதம், அதாவது கிரைண்ட்.

தொழில்முறை டூர் வீரர் 60 டிகிரியில் 4 பவுன்ஸ் வைத்திருப்பதைப் பார்த்து வாங்குவது அநேகமாகத் தண்டச் செலவு. அவர் பந்தை அடிக்கும் துல்லியம் வேறு. நாம் பந்துக்கு அரை அங்குலம் பின்னால் தரையைத் தொட்டால், குறைந்த பவுன்ஸ் வெட்ஜின் முன்விளிம்பு அங்கேயே புதைந்துவிடும். அதே தவறை 12 பவுன்ஸ் உள்ள அடிப்பாகம் மன்னித்து, வழுக்கி வந்து பந்தைச் சேரும். ஸ்பின்னுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தரையில் முதலில் பட்டால் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே மண்ணும் புல்லும் வந்துவிடும், பிறகு எந்தக் கிரூவும் காப்பாற்றாது.

மைதானத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஆடுபவருக்கு மே மாதத்துக் கட்டாந்தரையும் நவம்பர் சகதியும் ஒரே மைதானத்தில் வரும். காய்ந்த தரையில் அதிகப் பவுன்ஸ் தட்டி எழும்பி, பந்தின் நடுவில் மோதிவிடும் ஆபத்து உண்டு. சகதியில் குறைந்த பவுன்ஸ் தோண்டும். இரண்டு வெட்ஜ் வைத்திருப்பவர் ஒன்றை 12 பக்கமாகவும் மற்றொன்றை 8 பக்கமாகவும் வாங்கிக்கொண்டால் இரண்டு பருவத்தையும் சமாளிக்கலாம். பெயர்ந்து வரும் புல்கட்டி ஆழமாக இருந்தால் அதிகப் பவுன்ஸ் பக்கம் சாயுங்கள். புல்லை லேசாகச் சீவிக்கொண்டு போகும் ஆட்டம் என்றால் நடுத்தரமே போதும்.

லாஃப்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதுக் கால ஐயர்ன் செட்டுகளில் கூடவே வரும் பிட்ச்சிங் வெட்ஜே 43 டிகிரிக்கு இறங்கிவிட்டது. முன்பு 47, 48 இருந்தது. தன்னுடையது எத்தனை டிகிரி என்று பாராமல் 52, 56, 60 என்று வாங்குபவருக்கு பிட்ச்சிங் வெட்ஜுக்கும் 52-க்கும் நடுவே 9 டிகிரி ஓட்டை விழும். அந்தத் தூரத்துக்கு எந்தக் கிளப்பும் இருக்காது, எதையாவது பாதி வேகத்தில் அடித்துச் சமாளிக்க வேண்டும். காஸ்ட்கோவின் கிர்க்லாண்ட் மூன்று வெட்ஜ் செட் ஏறக்குறைய ஒரு வோக்கியின் விலைக்கே வருகிறது, பொருளும் மோசமில்லை. ஆனால் அதுவும் அதே 52, 56, 60தான். 43 டிகிரிக்காரர் 48, 54 என்று இரண்டே வாங்குவது மேல். மொத்தம் 14 கிளப்தான் அனுமதி என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

லாஃப்ட் கூடினால் ஸ்பின்னும் கூடும் என்பதும் ஓரளவுக்குத்தான் உண்மை. ஓர் எல்லைக்கு மேல் பந்து முகத்தில் பிடிபடாமல் வழுக்கி மேலே ஏறுகிறது. 60 டிகிரியை இன்னும் திறந்து பிடித்து அடிப்பவரைவிட, 54-ஐ நேராகப் பிடித்துச் சுத்தமாக அடிப்பவரின் பந்து சீக்கிரம் நிற்பதை எந்தச் சிப்பிங் கிரீனிலும் பார்க்கலாம்.

'ரா' என்ற பூச்சில்லாத வெட்ஜ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சு இல்லாததால் கிரூவ் வெட்டிய கூர்மையோடே இருக்கிறது, வெயிலில் கண் கூசாது, அவ்வளவுதான். துரு ஏறினால் ஸ்பின் ஏறும் என்பது கிளப்ஹவுஸ் கதை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், பிடித்திருந்தால் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு செய்யும் தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் முகத்தில் மண் காய்ந்திருக்க, அப்படியே பையில் செருகுவது. பள்ளம் மண்ணால் அடைபட்டால் அது பள்ளமே இல்லை. வீரரின் பையைச் சுமந்து வரும் நல்ல கேடிகள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு, பந்தை நிறுத்தும் டீ குச்சியின் முனையால் கோட்டைச் சுரண்டிவிட்டு ஈரத்துண்டால் துடைப்பார்கள்; காலைப் பனி இருக்கும் நேரத்தில் அடிப்பதற்கு முன்னால் காய்ந்த துண்டால் இன்னொருமுறை. செலவில்லாமல் கிடைக்கும் ஸ்பின் அதுதான்.

75 ரவுண்டுக்கு ஒருமுறை வெட்ஜை மாற்றச் சொல்கிறது வோக்கி. விற்பவர் சொல்வது, அதை அதற்கேற்ற மரியாதையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஆடி, வெட்ஜைப் பயிற்சியில் அதிகம் அடிக்காதவருக்குச் சாண்ட் வெட்ஜ் இரண்டு மூன்று வருடம் தாராளமாக வரும். பந்து ஓடும் தூரமும் நகச் சோதனையும் நாள்காட்டியைவிடச் சரியாகச் சொல்லும். தேய்ந்ததைக் கூர்மையாக்க ஆன்லைனில் ஒரு சின்னக் கருவி விற்கிறது, விலையும் அற்பம். ஆனால் சாதாரண உபயோகத்தில் தேய்ந்த கிளப்பைக் கோல்ஃப் விதி 4.1 அனுமதிக்கிறது, நீங்களாகச் சுரண்டி விளிம்பு வரம்பைத் தாண்டிவிட்டால் போட்டியில் அந்த கிளப்பால் ஒரு ஷாட் அடித்தாலே தகுதிநீக்கம். நண்பர்களோடு ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் என்றால் அது உங்கள் இஷ்டம்.