புது போனுக்குச் சார்ஜ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஸ்மார்ட்போன் கைக்கு வந்ததும், "முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் ஆன் பண்ணணும்" என்று யாராவது சொல்வார்கள். நிக்கல் பேட்டரிகள் இருந்த காலத்து அறிவுரை அது. இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. சோனி நிறுவனம் 1991-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. அதற்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையே இல்லை. பெட்டியைத் திறந்ததும் இருக்கிற சார்ஜோடு பயன்படுத்தத் தொடங்கலாம்.

இதே பழைய நம்பிக்கையின் இன்னொரு வடிவம், போன் அணைகிற வரை காத்திருந்து சார்ஜ் போடுவது. இது வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. லித்தியம் பேட்டரி அடிமட்டம் வரை இறங்குவதை விரும்புவதில்லை. 20 சதவீதத்தை நெருங்கும்போதே செருகிவிடுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சுழற்சி (மொத்தம் 100 சதவீத அளவு சார்ஜ் செலவாகி மீண்டும் ஏறுவது) எண்ணிக்கை கூடிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். இரண்டு முறை 50 சதவீதம் ஏற்றினால் ஒரே சுழற்சிதான். பேட்டரி அளவு தாறுமாறாகக் காட்டினால் மட்டும், அந்தக் கணக்கைச் சரிசெய்ய எப்போதாவது ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றலாம்.

பேட்டரியின் உண்மையான எதிரி சூடு. சூடு ஏற ஏற உள்ளே தேவையற்ற வேதிவினைகள் வேகமெடுக்கும்; அதனால் இழக்கும் கொள்ளளவு திரும்பி வராது. ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் அதை எளிதில் தாண்டிவிடும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது, சார்ஜ் ஏறும்போதே கனமான கேம் ஆடுவது, தடிமனான கவரோடு வயர்லெஸ் சார்ஜரில் வைப்பது எல்லாம் இதே வகைத் தவறுகள்தான். போன் சுட்டால் கவரைக் கழற்றுங்கள், கேமை நிறுத்துங்கள். ஆனால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் போடுவதும் பேட்டரியைக் கெடுக்கும்.

சரி, இரவு முழுக்க சார்ஜில் விடலாமா? ஆபத்து என்று சொல்ல முடியாது. நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 100 சதவீதத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும். அந்த நிலையில் மணிக்கணக்கில், அதுவும் சூட்டோடு இருந்தால், பேட்டரி சீக்கிரம் மூப்படையும். இதற்காகவே பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியும், நீங்கள் எழும் நேரத்துக்குச் சற்று முன் மீதியை ஏற்றும் வசதியும் இருக்கின்றன. செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் தேடிப் பாருங்கள். அதற்காக 81-ஐப் பார்த்தாலே பதற வேண்டாம். நாள் முழுக்க வெளியே அலைய வேண்டுமென்றால் தாராளமாக 100 வரை ஏற்றுங்கள். போன் நமக்காகத்தானே!

வேகச் சார்ஜிங் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. போன் தனக்கு வேண்டிய அளவைத்தான் சார்ஜரிடம் கேட்டு வாங்கும். 65 வாட் சார்ஜரைச் செருகினாலும், 25 வாட்தான் ஏற்கும் போன் அதற்கு மேல் எடுக்காது. பாதிக்கு மேல் ஏற ஏற வேகத்தையும் அதுவே குறைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது பெயர் தெரியாத மலிவு சார்ஜருக்கும் நைந்துபோன கேபிளுக்கும்தான்.

அப்புறம், போனைச் சில மாதங்கள் எடுத்துவைக்கப் போகிறீர்கள் என்றால் முழுதாக ஏற்றியோ காலியாகவோ வைக்காதீர்கள். பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். எப்போதாவது பின்மூடி உப்பியது போலவோ திரை தூக்கியது போலவோ தெரிந்தால், அழுத்திப் பார்க்கவோ குத்தவோ கூடாது. உடனே சார்ஜை நிறுத்தி, போனை அணைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.